சபைகள் முடிவு செய்யும் விதமும் புதுமை பிறக்கும் இடமும்

விழாக் காலங்களிற் சபைகள் பல கூடுவது வழக்கம். மலர்க் குழு, பந்தற் குழு, விருந்துக் குழு, நிதிக் குழு எனக் குழுக்கள் பெருகும். ஒவ்வொரு குழுவும் முடிவுகள் பல செய்யும். அம்முடிவுகள் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்னும் வாசகத்தோடு தலைவரின் ஒப்பம் பெறும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அக்குறிப்பேட்டைப் புரட்டும் ஒருவர், முன்னோர் யாவற்றையும் சீர்தூக்கி ஆராய்ந்தே ஒரு முடிவுக்கு வந்தனர் என்று எண்ணி வியப்பர். கூட்டத்தில் இருந்த நாமோ நடந்தது வேறு என்பதை நன்கு அறிவோம். பழைய மாணவர் மலரொன்றிற் சங்கக் கூட்டங்களின் குறையைப் பேசுதல் முறையன்று எனச் சில அன்பர் கருதுதல் கூடும். ஆயினும் பொன்னும் மணியுமாக விழாக்களை எடுத்துவரும் நாம், நம் சபைகள் எவ்வாறு முடிவு செய்கின்றன என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இப்பொருளைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் மார்ச். 1928 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரிற் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் அரசியற் கலை பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றபின், பிற்ஸ்பேர்க் நகரத்துக் கார்னகி தொழினுட்பக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். 1970 ஆம் ஆண்டளவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தை அடைந்து, முகாமைத்துவம், சமூகவியல், அரசியல், கல்வி ஆகிய துறைகளிற் பேராசிரியராக விளங்கினார். கவிதை நூல்கள் சிலவும் இயற்றினார். 2018 ஆம் ஆண்டு தமது தொண்ணூறாவது வயதிற் காலமானார். வணிகக் கல்வி பயில்வோர் அவரை நன்கு அறிவர், ஏனையோர் அறிந்திலர். இதனை ஒரு குறையென்றே யாம் கருதுகிறோம். அவர் ஆராய்ந்தது வணிகர் கூட்டத்தை மட்டுமன்று. நால்வர் கூடி ஒரு கருமத்தை முடிவு செய்ய முயலும் இடம் யாதாயினும் அஃது அவர் ஆராய்ச்சிக்கு உட்பட்டதேயாம்.

பொருளியற் புலவர் நெடுங்காலமாக ஒரு கொள்கையைப் பேணி வந்தனர். முடிவு செய்வோன் தனக்கு முன்னுள்ள வழிகள் அனைத்தையும் அறிவான். ஒவ்வொன்றின் விளைவையும் அறிவான். அவற்றுள் மிக்க நலம் பயப்பதைத் தெரிந்து கொள்வான் என்பது அக்கொள்கை. கார்னகிக் கழகத்தில் ஹேபேட் சைமன் என்பார் இதனை மறுத்தார். மனிதனது அறிவும் காலமும் வரையறைப்பட்டன. ஆதலால் அவன் மிக்க நலத்தைத் தேடுவதில்லை, போதியது என்று தனக்குத் தோன்றுவது கிட்டியதும் தேடலை நிறுத்தி விடுகின்றான் என்றார். அவருக்குப் பின்னாளில், 1978 இல், பொருளியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. சைமனும் மார்ச்சும் இணைந்து 1958 ஆம் ஆண்டு நிறுவனங்கள் பற்றி ஒரு நூல் எழுதினர். 1963 இல் றிச்சட் சையேட் என்பாரோடு சேர்ந்து மார்ச் எழுதிய நூல் இக்கருத்தை மேலுங் கொண்டு சென்றது. ஒரு நிறுவனம் எப்பொழுது புதுவழி தேடுகின்றது? இடர் வந்தபொழுதே தேடுகின்றது. எங்கே தேடுகின்றது? இடர் தோன்றிய இடத்துக்கு அண்மையிலும், தான் முன்பு செய்து வந்ததற்கு அண்மையிலுமே தேடுகின்றது. கூரை ஒழுகினால் நாம் ஓட்டை மாற்றுவோம். ஓட்டின்மேற் கிளை தாழ்த்தி நிற்கும் மரத்தை நோக்கோம்.

நிற்க. மார்ச் செய்த ஆராய்ச்சிகளுள் நகைப்பும் சினமும் ஒருங்கே விளைத்தது 1972 இல் வெளிவந்த கட்டுரையாகும். மைக்கேல் கொஹென், யோஹான் ஒல்சென் ஆகிய இருவரோடு சேர்ந்து அதனை எழுதினார். சபை முடிவு செய்யும் விதத்துக்கு அவர்கள் காட்டிய உவமை குப்பைக் கூடை. சபைகளிற் பிரச்சினைகள் ஒரு வழியாக வந்து சேர்கின்றன. தீர்வுகள் வேறொரு வழியாக வருகின்றன. சிலர் ஒரு தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பிரச்சினையைத் தேடித் திரிகின்றனர். சபைக்கு வருவோரும் போவோரும் தத்தம் ஓய்வுக்கேற்ப வந்து போகின்றனர். முடிவு செய்தற்கென ஒரு வேளை வாய்த்ததும், அவ்வேளையில் அங்கே யார் யார் இருந்தனரோ, எவ்வெப் பிரச்சினையும் தீர்வும் கிடந்தனவோ அவையனைத்தும் ஒரே கூடையில் விழுகின்றன. கூடையினின்றும் வெளிவருவதே முடிவு. சில வேளைகளிற் பிரச்சினை உண்மையாகவே தீர்க்கப்படுகின்றது. பெரும்பாலும் பிரச்சினையை எவரும் கவனியாதபொழுது முடிவு நழுவி விடுகின்றது; அன்றேற் பிரச்சினைகள் அக்கூடையை விட்டு வேறு கூடைக்கு ஓடிப்போன பின்னரே முடிவு பிறக்கின்றது. இதனை அவர்கள் வெறும் உவமையாக விடாது, கணனியில் ஒரு மாதிரி அமைத்து நடத்தியுங் காட்டினர். எடுத்துக்காட்டாகக் கொண்டது யாதென்று நினைக்கிறீர்கள்? பல்கலைக்கழகம்! தமது வீட்டையே முதலில் ஆராய்ந்த அவ்வறிஞரின் நேர்மையை யாம் மெச்சுகிறோம்.

இக்கட்டுரையை முதன்முறை படித்தபொழுது எமக்கு நகைப்பு வரவில்லை. கிராம வாசிகசாலையொன்றின் நிருவாக சபையில் யாம் சில காலம் அங்கம் வகித்ததுண்டு. ஊர்ப்பெயர் வேண்டா. அங்கே பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டு ஓர் அலுமாரியிற் கிடந்தன. இளைஞர் ஒருவர் சபைக்கு வந்து, அவற்றின் பக்கம் ஒவ்வொன்றையும் கமராவினாற் படம் பிடித்துச் சேமித்து வைக்கலாம் என்றும், தாமும் நண்பரும் விடுமுறை நாட்களில் அதனைச் செய்வதாகவும், செலவு சிறிதே என்றும் கூறினார். அன்று நல்ல மழை. பத்துப் பேர் வரவேண்டிய கூட்டத்துக்கு ஐவர் வந்திருந்தனர். பேச்சு மழையிலிருந்து கூரைக்குப் போயிற்று. கூரையிலிருந்து கூரை வேய்ந்த மேசனின் கணக்குக்குப் போயிற்று. அங்கிருந்து முன்னாட் தலைவரின் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதற்குப் போயிற்று. இளைஞரின் வேண்டுகோள் "கூரை வேலை முடிந்தபின் ஆலோசிக்கப்படும்" என்று குறிக்கப்பட்டது. அதற்கு ஆம் என்று சொன்னவர்களுள் யாமும் ஒருவேம். எவரும் அதனை எதிர்க்கவில்லை என்பதே இதிற் கவனிக்கத்தக்கது. கூரை வேலை முடிந்தது, ஆலோசனை நிகழவில்லை. மூன்று மாரி கழிந்து அலுமாரியைத் திறந்தபொழுது கறையான் தன் பங்கைத் தின்று முடித்திருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பரானதைத் தம் வாழ்நாளிற் கண்டவர்களே அன்று அந்த ஐவரும். நூலின் அருமை அறியாதவர்கள் என்று எங்களை எவரும் சொல்ல முடியாது. அறிந்திருந்தும் முடிவு வேறு வழியிற் போயிற்று.

மார்ச் 1991 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை இதற்கு ஆழமான காரணமொன்று காட்டுகின்றது. எந்த நிறுவனத்துக்கும் இரு தொழில்கள் உண்டு என்கின்றார். ஒன்று, தான் அறிந்ததைத் திருத்தித் திருத்திப் பயன்கொள்ளல். மற்றையது, அறியாததைத் தேடல். பயன்கொள்ளலின் பலன் அண்மையிலுள்ளது, நிச்சயமானது, அளந்து அறிக்கையில் எழுதக்கூடியது. தேடலின் பலனோ தொலைவிலுள்ளது, நிச்சயமற்றது, பலவேளை நட்டத்தில் முடிவது. இரண்டும் ஒரே நிதியையும் ஒரே கவனத்தையும் வேண்டி நிற்பன. ஆகவே அனுபவத்தினாற் கற்கும் எந்தச் சபையும், கற்குந்தோறும் பயன்கொள்ளலை நோக்கியே சாய்கின்றது. அறியாமையினாலன்று, கற்பதனாலேயே அது தன்னைக் கெடுத்துக்கொள்கின்றது. கூரை ஓட்டின் பலன் அடுத்த மழையில் தெரியும். படம் பிடித்த பக்கத்தின் பலன் எவருக்கு எப்பொழுது தெரியும்?

கொடாக் நிறுவனத்தின் கதையை இவ்விடத்திற் பலரும் எடுத்தாள்வர். அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் அந்நிறுவனத்தில் வேலை செய்த ஸ்ரீவன் சசன் என்னும் இளம் பொறியியலாளர் 1975 இல் ஒரு கருவி செய்தார். படச்சுருள் இன்றி ஒளியை எண்ணாக மாற்றிப் பதியும் கமரா அது. எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன் சென்றது. கறுப்பு வெள்ளைப் படமே. தொலைக்காட்சிப் பெட்டியிற்றான் அதனைக் காணலாம். படச்சுருள் விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய நிறுவனம் அதனைக் கண்டு மகிழாமை இயல்பே. 2012 சனவரியில் அந்நிறுவனம் கடனிறுக்க முடியாது நீதிமன்றின் பாதுகாப்பை நாடிற்று. "கண்ணிருந்தும் குருடர்" என்று இக்கதையை முடித்துவிடுவது எளிது. யாம் அவ்வாறு முடிக்க விரும்பவில்லை. கொடாக் உறங்கிக் கிடக்கவில்லை. எண்ணிம ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் செலவிட்டது. 2005 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எண்ணிமக் கமரா விற்பனையில் முன்னணியிலும் நின்றது. ஆண்டுதோறும் எடுத்த முடிவுகளைத் தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் நியாயமானதாகவே தோன்றும். படச்சுருளில் இட்ட பணம் அவ்வாண்டிலேயே இலாபம் தந்தது. கமராவில் இட்ட பணம் தரவில்லை. நியாயமான முடிவுகளை வரிசையாக அடுக்கிக் கெட்டுப் போகலாம் என்பதே இதிலுள்ள அச்சம்.

அவ்வாறாயிற் புதியது எங்கிருந்து வரும்? மேற்சொன்ன 1991 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு சிறு கணனி மாதிரி உண்டு. உலகின் உண்மை 30 கூறுகளாலாயது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தில் 50 பேர் உளர். ஒவ்வொருவரும் அக்கூறுகளைப் பற்றிச் சில சரியாகவும் சில பிழையாகவும் நம்புகின்றனர். நிறுவனத்துக்கும் பொதுவான நம்பிக்கைத் தொகுதி ஒன்று உண்டு. அதனை மரபு என்று அழைக்கலாம். மரபினிடம் ஆட்கள் கற்கின்றனர். தன்னினும் நன்கு அறிந்த ஆட்களிடம் மரபும் கற்கின்றது. ஆட்கள் மரபை விரைவாகக் கற்றுக்கொண்டால் நன்று என்றே எவரும் நினைப்பர். மாதிரி காட்டிய விடை மறுதலையானது. விரைவாகக் கற்றவர்கள் யாவரும் விரைவில் ஒரே தன்மையராயினர். அதன்பின் மரபு கற்பதற்கு அவர்களிடத்து எதுவும் எஞ்சவில்லை. பிழைகளும் மரபோடு உறைந்து போயின. மெல்லக் கற்றவர்கள் சிலராவது இருந்த நிறுவனமே இறுதியில் உண்மையை மிகுதியாக அறிந்தது. இன்னொன்றுங் காட்டினார். அளவாக ஆட்கள் விலகிப் புதியோர் வந்து சேர்வது நிறுவனத்துக்கு நன்று. புதியோர் பழையோரைவிட மிகுதியாக அறிவர் என்பதனாலன்று. சராசரியாக அவர்கள் குறைவாகவே அறிவர். ஆனாற் பழையோர் அறிந்தது முன்னரே மரபிற் கலந்து விட்டது. புதியோர் அறிந்த சிறிது இன்னும் கலக்கவில்லை.

இதனைப் படிக்கும் எம் வயதினர்க்கு நெஞ்சு சற்று உறுத்தும். நம் கல்லூரி வகுப்பறைகளிற் பாடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு, "ஏன் சேர்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்த மாணவர் ஒருவரையேனும் நாம் ஒவ்வொருவரும் அறிவோம். அவரை நாம் மந்தன் என்றோம். சங்கக் கூட்டங்களிலும் அவ்வாறே. இளைய உறுப்பினர் ஒருவர் வந்தால் ஓராண்டிற்குள் நமது வழக்கங்களை அறிந்து நம்மைப் போலப் பேசப் பழகிவிட்டாரென்றால் "நல்ல பிள்ளை" என்று புகழ்ந்து செயற்குழுவிற் சேர்க்கின்றோம். பழகாதவர் தாமாகவே வராது நின்றுவிடுகின்றார். பேராசிரியரின் கணக்கு மெய்யானால், நாம் சேர்த்துக்கொண்டவரிடம் பெறுதற்கு நமக்கு ஒன்றும் இல்லை, இழந்தவரிடமே இருந்தது.

மறுபுறமும் பேச வேண்டும். இந்நாளிற் புதுமை என்னும் சொல் சந்தைக் கூச்சலாயிற்று. பாடசாலைகளிற்கூடப் புதுமைக்கென வாரம் கொண்டாடி, வாரம் முடிந்ததும் பதாகையைச் சுருட்டி வைக்கின்றனர். மார்ச்சை மேற்கோள் காட்டிப் பழையதனைத்தையும் தள்ளலாம் என்று கூறுவோர் அவரை முற்றும் படித்தாரல்லர். புதிய எண்ணங்களுட் பெரும்பாலானவை பயனற்றவை என்பதை அவர் மறைத்ததில்லை. டானியல் லெவிந்தால் என்பாரோடு 1993 இல் எழுதிய கட்டுரையில் இரு பொறிகளைக் காட்டுகின்றார். வென்றவன் வென்ற வழியிலேயே நின்று அகப்படுவது ஒன்று. தோற்றவன் வேறு வழி தேடி, அதிற் கைவருமுன் அதனையும் விட்டு இன்னொன்று தேடி, எதிலும் தேர்ச்சியின்றி அழிவது மற்றையது. செயலாளர் மாறுந்தோறும் திட்டம் மாறும் சங்கங்களை நாம் கண்டதில்லையா?

அவரோடு யாம் மாறுபடும் இடமும் ஒன்றுண்டு. 1971 இல் அவர் எழுதிய கட்டுரையொன்று பேதைமைக்கும் ஒரு செய்முறை வேண்டும் என்று வாதிக்கின்றது. பகுத்தறிவு நாம் முன்னரே விரும்பும் ஒன்றை அடையத்தான் உதவும். எதனை விரும்ப வேண்டும் என்பதை அது கண்டுபிடித்துத் தராது. ஆகவே சில வேளைகளிற் காரணமின்றியே சிலவற்றைச் செய்து பார்க்கும் விளையாட்டு மனம் வேண்டும் என்பது கருத்து. இவ்வளவும் ஏற்கத்தக்கதே. அங்கே நினைவைப் பகையாகக் கருதிப் பார்க்குமாறும் சொல்கின்றார். நேற்றுச் செய்ததோடு இன்று செய்வது ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் நம்மைப் பிணிக்கும் என்பது அவர் நியாயம். நிறைந்த நூலகங்களுக்கு நடுவே வாழ்ந்தவர்க்கு அது எளிதாகலாம். நமக்கு நிலை வேறு. நினைவு நம்மைப் பிணிப்பதற்கு முன் அது நம்மிடம் இருக்க வேண்டும். வாசிகசாலை அலுமாரியில் அழிந்தது நினைவு. அதனை அழியவிட்டது பழக்கம். பழக்கத்தை நினைவென்று மயங்குவதே நம் சங்கங்களின் நோய். "இப்படித்தான் எப்பொழுதும் செய்து வந்தோம்" என்பார் ஒருவர். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் அவ்வழக்கம் இருபது ஆண்டுகூட நிரம்பாததாக இருக்கும். உண்மையான நினைவு பெரும்பாலும் புதுமைக்குத் துணையாகும். ஏனெனின் இன்று மரபாகப் போற்றப்படும் ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில் எவரோ ஒருவர் எதிர்ப்புக்கிடையே தொடங்கினார் என்பதை அது காட்டும்.

மார்ச் ஸ்ரான்போட்டிற் பல ஆண்டு நடத்திய தலைமைத்துவ வகுப்புக்குப் பாட நூல்கள் வணிக நூல்களல்ல. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ, ஷோவின் புனித ஜோன், டால்ஸ்டாயின் போரும் சமாதானமும், செர்வாந்தேசின் டொன் கிஹோட்டே ஆகியனவே. காற்றாலையோடு போர்புரிந்த அக்கிழவனை அவர் ஏன் முகாமையாளர்க்குக் காட்டினார்? மனிதர் இரு நியாயங்களின் வழியே செயற்படுகின்றனர் என்பது அவர் கொள்கை. "இதனால் என்ன விளையும்?" என்று கேட்டுச் செய்வது ஒன்று. "யான் யார்? இந்நிலையில் என்போன்றான் ஒருவன் செய்யத்தக்கது யாது?" என்று கேட்டுச் செய்வது மற்றையது. விளைவை மட்டும் கேட்பவன் தேடலில் இறங்கான்; ஏனெனிற் பெரும்பாலான தேடல்களின் விளைவு தோல்வியே. பகவத்கீதை படித்த நம்மவர் இங்கே பலன் கருதாக் கருமத்தை நினைப்பர். யாமும் நினைத்தோம். ஆயினும் இரண்டும் ஒன்றென்று கூறத் துணியோம். ஒன்று வீடு நோக்கியது, மற்றையது நிறுவனம் நோக்கியது. அருகருகே வைத்துப் பார்ப்பதிற் குற்றமில்லை.

2005 ஆம் ஆண்டு ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவிற் பாதுகாக்கவென "நூலகம்" என்னும் முயற்சியைச் சில தன்னார்வலர் தொடங்கினர். பெரிய சபையொன்றின் தீர்மானத்தை அவர்கள் எதிர்பார்த்து நிற்கவில்லை. இன்று பல்லாயிரம் நூல்களையும் இதழ்களையும் உலகின் எம்மூலையிலிருந்தும் எவரும் அதிற் படிக்கலாம். அவர்கள் தொடங்கிய நாளில் அதன் பலனை அளந்து காட்டுமாறு நம் நிதிக் குழுவொன்று கேட்டிருந்தால் அவர்களிடம் என்ன விடை இருந்திருக்கும்?

ஆதலின் யாம் வேண்டுவது சிறிது. இவ்விழா நிதியிற் பத்திலொரு பங்கைத் தனியே ஒதுக்குக. அதனைச் செலவிடும் உரிமையைக் கல்லூரியை விட்டு ஐந்தாண்டு கடவாத பழைய மாணவர் மூவருக்குக் கொடுக்க. பலன் அறிக்கை மூன்று ஆண்டுவரை கேளாதிருப்போமாக. அவர்கள் செய்வனவற்றுட் பாதி வீணாகும். அதனைக் கூறி அவர்களைப் பழிப்போர்க்கு முன்னமே இதனைச் சொல்லி வைக்கிறோம். மீதிப் பணத்திற் கூரையும் திருத்தலாம், வளைவும் கட்டலாம், படமும் மாட்டலாம். கூரை வேண்டாத வித்தியாசாலை உலகில் இல்லை.

வாசிகசாலையிற் கறையான் விட்டு வைத்த ஐந்து தொகுதிகள் எமது பொறுப்பில் உள. அவ்விளைஞர் இப்பொழுது பிறநாட்டில் இருக்கின்றார். சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபொழுது அவரைக் கண்டு தொகுதிகளைக் காட்டினோம். கமரா கையிலேயே இருந்தது. இரண்டு தொகுதிகளைப் படம் பிடித்து முடித்துச் சென்றார். எஞ்சிய மூன்றுக்கும் ஓய்வுள்ள மாணவர் இருவர் வேண்டும். மழைக் காலத்துக்கு முன் வந்தால் நன்று.